எல்லாருக்கும் ‘நீங்க’

சாட்சிக் கூண்டில் யார் ஏறி நின்றாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். “உங்க பேர் என்னங்க?”

கேட்டதும் பாதிப் பேர் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். தங்களுக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷர் வந்து நிற்கிறார், அவரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பின்னால் சுவர்தான் இருக்கும். மெதுவாக முகத்தைத் திருப்பி, “என்னையா சாமி கேக்கறீங்க?” என்பார்கள்.

“உங்களத்தாங்க” என்பார் அவர், குரல் கொஞ்சமும் மாறாமல்.

அந்த நாட்களில் நான் வேலூரில் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜின் கீழே பெஞ்சு குமாஸ்தாவாக இருந்தேன். அவர் அதே கோர்ட்டில் துபாஷி. அதாவது ஜட்ஜும் வக்கீல்களும் இங்கிலீஷில் கேட்பதைச் சாட்சிகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். என் மேஜையும் அவர் நிற்கிற இடமும் ஒட்டினாற்போல இருக்கும். கைநீட்டினால் அவர் கோட்டு நுனி தொடும். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அத்தனை வருஷம் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், அவரை நினைக்கும்போது ஏதோ உயரமான ஒன்றை அண்ணாந்து பார்க்கிற மாதிரிதான் இன்றைக்கும் இருக்கிறது. அவர் பெயரை எழுதவில்லை. எல்லாருக்கும் அவர் துபாஷி. நானும் அப்படியே சொல்கிறேன்.

இங்கிலீஷில் ‘யூ’ என்று ஒரே ஒரு சொல். ராஜாவுக்கும் அதுதான், ராஜாவின் செருப்பைத் துடைக்கிறவனுக்கும் அதுதான். தமிழில் அந்தச் சௌகரியம் கிடையாது. எதிரே நிற்பவர் யார், அவருக்கு முன்னால் நாம் யார் என்று தீர்மானித்துக்கொண்டுதான் வாயைத் திறக்கவே முடியும். முன்பிருந்த துபாஷிகள் ஆளை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஜரிகைத் தலைப்பாகை என்றால் ‘நீங்கள்’. மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவன் என்றால் ‘நீ’. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வருகிற தோல் தொழிலாளிகள் என்றால் யோசனையே வேண்டாம். ‘டேய், உண்மையச் சொல்றா’ என்றுதான் ஆரம்பம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. கூண்டில் நின்றவர்கள் உட்பட.

இவர் வந்து சேர்ந்த அன்றே அந்த வழக்கம் நின்றுபோயிற்று. கொலைக் கேஸில் நிற்கிறவருக்கும் ‘நீங்க’. மாடு திருடியவருக்கும் ‘நீங்க’. ஆட்டுத்தோல் வியாபாரத்தில் லட்சக்கணக்கில் புரட்டுகிற சாயபுக்கும் அதே ‘நீங்க’. ஒரு அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வக்கீல்களுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது. கோர்ட்டுக்குள் தெருநாய் ஒன்று நுழைந்தபோது துபாஷி அதைப் பார்த்து, ‘தயவுசெஞ்சு வெளிய போங்க’ என்று சொன்னதாக ஒரு கதை கட்டினார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் நடந்திருக்காது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். ஜட்காக்காரர்கள் அவரை ஏற்றிக்கொள்ளப் போட்டி போடுவார்கள். “கொஞ்சம் ஓரமா நிறுத்திக்கிறீங்களா?” என்று அவர் கேட்பதைக் கேட்பதற்காகவே ஒருவன் இரண்டு வீடு தள்ளிப் போய் நிறுத்துவானாம்.

ஒரு பழக்கம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாட்சிகள் கெட்ட வார்த்தை சொன்னால், அதையும் விடாமல் ஜட்ஜுக்குச் சொல்லவேண்டியது அவர் வேலை. பாடம் ஒப்பிக்கிற குரலில் அப்படியே சொல்வார். சொல்லி முடித்ததும் பக்கத்திலிருக்கும் கூஜாவிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். சண்டைக் கேஸ் வந்தால் மத்தியானத்துக்குள் கூஜா காலியாகிவிடும்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய நிலக்காரர் சாட்சி சொல்ல வந்தார். ஏரித் தண்ணீர் தகராறு. அவருக்கு முன்னால் அவருடைய பண்ணையாள் சாட்சி சொல்லிவிட்டு இறங்கினான். துபாஷி அவனை “நீங்க போகலாங்க” என்று அனுப்பிவிட்டு, இவரைப் பார்த்து, “உங்க பேர் என்னங்க?” என்றார்.

நிலக்காரரின் முகம் கறுத்துப்போயிற்று. “ஏம்பா துபாஷி, அவனுக்கும் நீங்க, எனக்கும் நீங்களா?” என்றார்.

கூண்டில் நின்று சொன்ன எதையும் மொழிபெயர்க்காமல் விடக்கூடாது. துபாஷி ஜட்ஜின் பக்கம் திரும்பி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். ஜட்ஜுக்குப் புரியவில்லை.

“எது இருவருக்கும் ஒன்று?”

“‘யூ’ என்கிற சொல்.”

“அவருக்கு என்ன வேண்டுமாம்?”

“அதைவிட உயர்ந்ததாக ஒன்று.”

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். “என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. சொல்லிவிடு.”

துபாஷி நிலக்காரரிடம் திரும்பினார். “துரைகிட்ட ஒரு சொல்லுதான் இருக்குதாங்க. அதை நான் ரெண்டாக்க முடியாதுங்க.”

நிலக்காரர் அதன்பிறகு எல்லாக் கேள்விக்கும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

கோபித்துக்கொண்டவர்களில் பெரிய மனுஷர்கள் மட்டும் இல்லை. மார்க்கெட்டில் ஆப்பம் விற்கிற ஒரு அம்மாள், பெயர் கன்னியம்மா, ஒரு அடிதடிக் கேஸில் சாட்சியாக வந்தாள். இரண்டு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னா சாமி, என்னப் பாத்தா கிண்டலா இருக்குதா? என் புருஷன்கூட என்ன நீங்கன்னதில்ல. இம்மாம் பேருக்கு நடுவுல வச்சி ஏன் இப்டி பேஜார் பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுப்போனார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவள் சொன்னதை ஜட்ஜுக்கு மொழிபெயர்த்துவிட்டு, மிச்சக் கேள்விகளை இன்னும் மெதுவாக, அதே ‘நீங்க’வில் கேட்டு முடித்தார். இடைவேளையில் அவளைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“மன்னிச்சிக்குங்க. உள்ள எல்லாரையும் ஒரே மாதிரிதான் கூப்பிடணும். வெளிய உங்கள எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குச் சரியா இருக்கும்?”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிண்டல் இல்லை என்று அப்போதுதான் நம்பியிருக்க வேண்டும். “எல்லாரும் ஆப்பக்காரிம்பாங்க. கட்டிக்கினு வந்ததுலருந்து பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்ட்டதில்ல. நீங்க பேரச் சொல்லுங்க, போதும்” என்றாள்.

அதற்கப்புறம் மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம், “கன்னியம்மா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவள் ஆப்பச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கிச் சுற்றும்முற்றும் பார்ப்பாள். மற்றவர்கள் காதில் விழுந்ததா என்று பார்க்கிற பார்வை அது.

ஒரு சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது நான் அவரிடம் வாதாடினேன். நம் ஊரில் ‘வா தம்பி’, ‘சொல்லு தாயி’ என்று சொன்னால் அது அன்புதானே, எல்லாருக்கும் ‘ங்க’ போட்டால் விலக்கி வைக்கிற மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டேன். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, “எங்கப்பா ராணிப்பேட்டையில ஒரு துரை பங்களாவுல பட்லரா இருந்தாருங்க” என்றார்.

அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“சாகற வரைக்கும் அந்த வீட்ல அவர ‘பாய்’னுதான் கூப்பிட்டாங்க. தலை முழுக்க நரைச்சுப்போச்சு, பல்லு போச்சு. துரையோட சின்னப் பசங்ககூட ‘பாய், இங்க வா’ம்பாங்க. ரொம்பப் பிரியமாத்தான் கூப்பிடுவாங்க, அதுல சந்தேகமே இல்ல. அப்பாவும் சிரிச்சிக்கிட்டே போவாரு. ராத்திரி வீட்டுக்கு வந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டாரு.” சற்று நின்றார். “அப்புறம் நான் முதல்முதலா ஆம்பூருக்குப் போனேன். அங்க ஒரு கடையில, பெரிய மனுஷர் ஒருத்தர, ‘வாங்க பாய், உக்காருங்க பாய்’னு எல்லாரும் எழுந்து நின்னு கூப்பிடறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஒரே சத்தங்க. ஒரு எடத்துல அண்ணன்னு அர்த்தம். ஒரு எடத்துல பொடியன்னு அர்த்தம். அன்பா இல்லையான்னு சொல்லுல இல்லீங்க. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியவும் தெரியாது. தெரியாத வரைக்கும் ‘நீங்க’ன்னு சொல்றதுல யாருக்கும் காயம் படாது.”

அன்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பது அடுத்த வருஷம் எனக்குத் தெரிந்தது.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி. சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டிப் போடுகிற வேலையில் இருந்தவர் ஏழுமலை. அம்பது வயதுக்கு மேலிருக்கும். கால் இரண்டும் முழங்கால் வரை சுண்ணாம்பில் வெந்து வெளுத்துப்போயிருக்கும். அவர் தன் மேஸ்திரியைத் தோல் புரட்டுகிற கட்டையால் தலையில் அடித்துவிட்டார். மேஸ்திரி பிழைத்துக்கொண்டார், ஆனால் பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். கொலை முயற்சி என்று கேஸ். ருசுவானால் பல வருஷம் ஜெயில். ஏழுமலைக்குக் கோர்ட்டே நியமித்த ஒரு இளம் வக்கீல். அவருக்கு எழுந்து நிற்கவே தயக்கம்.

மேஸ்திரி கூண்டில் ஏறினார். ஏழுமலையின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். தலையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அடி வாங்குவதற்கு முன் என்ன சொன்னார் என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

“‘டேய் ஏழுமல, வாடா இங்க’ன்னு கூப்ட்டேங்க. வேற ஒண்ணுமே சொல்லல. அதுக்கு வந்து அடிச்சிட்டான்.”

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னார். ‘ஏழுமலை, இங்கே வா.’

சர்க்கார் வக்கீல் ஜட்ஜைப் பார்த்துக் கைகளை விரித்தார். இங்கே வா என்று சொன்னதற்கு ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்திருக்கிறான், இதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது என்றார். ஜட்ஜும் தலையசைத்து எழுத ஆரம்பித்தார். நானும் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது துபாஷியின் கை என் மேஜையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

“துரை அவர்கள் மன்னிக்க வேண்டும்” என்றார் இங்கிலீஷில். “நான் முழுவதும் மொழிபெயர்க்கவில்லை. ஒரு எழுத்து மிச்சம் இருக்கிறது. இங்கிலீஷில் அதை வைக்க இடமில்லை.”

ஜட்ஜ் நிமிர்ந்தார். “எந்த எழுத்து?”

“‘டா.’”

ஜட்ஜ் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். “அது எனக்குத் தெரியும். என் குதிரைக்காரனைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். சிரித்துக்கொண்டே வருகிறான்.”

துபாஷியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் தகப்பனாரைப் பற்றி அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். “அது சிநேகிதமான சொல். என் பால்ய நண்பர்கள் இன்றைக்கும் என்னை ‘வாடா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.”

“வக்கீல் சொல்வது உண்மை” என்றார் துபாஷி. “எங்கள் மொழியில் அதைவிடப் பிரியமான சொல் கிடையாது. அதைவிடக் கேவலமான சொல்லும் கிடையாது.”

“எப்போது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டார் ஜட்ஜ்.

துபாஷி கூண்டில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். கீழே உட்கார்ந்திருந்த ஏழுமலையைப் பார்த்தார். “கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல முடிந்தால் பிரியம். முடியாவிட்டால் மற்றது” என்றார்.

துபாஷி சாட்சி சொல்கிறார், இது அவர் வேலையே இல்லை என்று சர்க்கார் வக்கீல் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம். துபாஷி உடனே தலைகுனிந்து, “உண்மை. இனி பேசமாட்டேன்” என்றார். ஜட்ஜ் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். பிறகு, “சாட்சியிடம் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ஏழுமலை இவரை ‘வாடா’ என்று கூப்பிட முடியுமா?” என்றார்.

துபாஷி மேஸ்திரியிடம் திரும்பினார். “ஏழுமலை உங்கள ‘வாடா’ன்னு கூப்பிட முடியுங்களான்னு துரை கேக்கறாருங்க.”

மேஸ்திரிக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. “யாரு, அவனா? என்னையா?” என்றார். அப்புறம் கூண்டின் கட்டையில் ஓங்கி அடித்தார். “அப்டி ஒரு வார்த்த அவன் வாயில வந்திருந்தா நாக்க இழுத்து வச்சி அறுத்திருப்பேன்.”

துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எப்போதும் போல ஒரே மட்டத்தில் குரல். சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் நீண்ட நேரம் எழுதினார்.

பிறகு ஏழுமலையைக் கேட்டார்கள். இத்தனை வருஷமாக அப்படித்தானே கூப்பிடுகிறார், அன்றைக்கு மட்டும் ஏன் கோபம் என்று.

ஏழுமலைக்குத் தன்னை ‘நீங்க’ என்று கேட்கிற ஆளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். “எப்பவும் கூப்புட்றதுதான் சாமி. காதுல விழும், போயிடும். அன்னைக்கு எம் பொண்ணுக்குப் பேசி முடிக்க சம்மந்தி வந்து கம்பெனி கேட்டுல நின்னுனு இருந்தாரு. இவரு கூப்ட்டதும் நான் சம்மந்தி மூஞ்சப் பாத்தேன். அவரு தலைய குனிஞ்சிக்கினாரு. எனக்காக அவரு வெக்கப்பட்டாரு சாமி. அதுக்கப்புறம் இன்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியல.”

துபாஷிகள் சாட்சி சொல்வதை ‘நான்’ என்றே மொழிபெயர்ப்பார்கள்; அதுதான் முறை. ‘எனக்காக அவர் வெட்கப்பட்டார்’ என்று அவர் இங்கிலீஷில் சொன்னபோது அது ஏழுமலை சொல்வதா, அவரே சொல்வதா என்று என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் அவர் குரல் மட்டம் தப்பியது. வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

கொலை முயற்சி என்பது நிற்கவில்லை. திடீர்க் கோபத்தில் அடித்துக் காயப்படுத்திய குற்றம் மட்டும் நின்றது. பல வருஷம் போகவேண்டியவர் சில மாதங்களில் வெளியே வருவார் என்று ஆயிற்று. தீர்ப்பன்று பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அவர்தான் சம்மந்தி என்று பின்னால் தெரிந்தது. ஒரு வாய்தா விடாமல் ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறார். வேறு இடத்தில் பெண் பார்க்கச் சொன்ன உறவுக்காரர்களிடம், ‘நா அங்க நின்னதுக்குத்தானே அவரு அடிச்சாரு, இப்ப எப்டி விட்டுட்டுப் போறது’ என்றாராம்.

நான் துபாஷியைப் பாராட்டப் போனேன். அவர் கொண்டுவந்திருந்த டிபனைத் தொடவில்லை. “நான் பேசியிருக்கக் கூடாதுங்க. துபாஷி சொந்தமா பேச ஆரம்பிச்சா அப்புறம் அவனை யாரு நம்புவாங்க?” என்றார். அதன்பிறகு அந்தக் கோர்ட்டில் அவர் சொந்தமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

ஜெயிலிலிருந்து வந்த ஏழுமலை, வெற்றிலை பாக்கோடு கோர்ட்டு வாசலுக்கு வந்து நின்றார். பெண்ணுக்குக் கல்யாணம், துபாஷி ஐயா வரவேண்டும் என்றார். கூப்பிடுகிற குரலிலேயே, வரமாட்டார் என்கிற முடிவும் இருந்தது. அந்தக் காலத்தில் கோர்ட்டு உத்தியோகஸ்தர் யாரும் தோல் தொழிலாளிகளின் சேரிக்குள் போய்ச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. துபாஷி வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “வர்றேங்க” என்றார். என்னைப் பார்த்து, “நீங்களும் வர்றீங்களா?” என்றார்.

காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கினோம். ஆவாரம்பட்டையும் ஈரத் தோலும் கலந்த வாசனை ஸ்டேஷனிலேயே வந்து எதிர்கொண்டது. சேரியின் முனையில் தென்னங்கீற்றுப் பந்தல். நாங்கள் வருவதைப் பார்த்ததும் பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். ஏழுமலை அவர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்தவர் எங்களை நோக்கி ஓட ஆரம்பித்தார்.

“வந்துட்டியா. எல்லாரும் நீ வரமாட்டன்னாங்க. நான்தான் சொன்னேன், நீ வருவன்னு.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

துபாஷி அவர் தோளில் கை வைத்தார்.

“வராம எப்படி இருப்பேன்? நீ கூப்பிட்ட இல்ல. பொண்ணு எங்க? வா, காட்டு.”

ஏழுமலை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். பெண்ணைக் காட்டினார், மாப்பிள்ளையைக் காட்டினார், சம்மந்தியைக் காட்டினார். கூட்டத்துக்கு நடுவில் அவர்கள் இருவர் குரலும் விட்டுவிட்டு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ‘நீ சொல்லு’, ‘நீ உக்காரு மொதல்ல’ என்று.

பந்தியில் துபாஷி எனக்கும் ஏழுமலைக்கும் நடுவில் உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தது, கறிக்குழம்பு வந்தது. ஏழுமலையின் இலையைப் பார்த்து, “நீ ஒண்ணுமே சாப்பிடல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்குங்க” என்றார்.